மூக்கு வண்டிக்குப் பலூன் மாட்டினோம்

எங்கள் ஊரில் அதற்கு மூக்கு வண்டி என்று பேர். இப்போது வருகிற பிக்கப்புகளுக்கு மூஞ்சி தட்டையாக இருக்கிறது. இதற்கு முன்னால் நீளமாக ஒரு மூக்கு, அதன் இரண்டு பக்கமும் உருண்டை விளக்கு, பின்னால் பலகை அடித்த தொட்டி. என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்த வண்டி. அருப்புக்கோட்டையில் மூடிக்கிடந்த ஒரு பஞ்சு மில்லின் பின்பக்கம், ஜன்னல் வழியாகச் சீமைக்கருவேலம் கிளைவிட்டு நின்ற கோலத்தில் அதைப் பார்த்து மயங்கி, வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார்.

"வீட்டுக்கு ஒரு கிழடு பத்தாதாக்கும்?" என்று கேட்டேன்.

"இது கிழடு இல்ல புள்ள, ராசாத்தி. கொஞ்சம் சீக்கா கெடக்கா, அம்புட்டுத்தான்" என்றார்.

திருச்சுழிப் பக்கத்தில் மழையை நம்பினவனைவிடக் கரியை நம்பினவன் அதிகம். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவார்கள். வெந்த கரியைச் சாக்கில் கட்டி ஏற்றுவார்கள். அந்த லோடை ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். எல்லாம் அடுத்தவர் வண்டி, அடுத்தவர் லோடு. சொந்த வண்டியில் சொந்த லோடு ஏற்றிக்கொண்டு ஊர் வழியாக ஒரு தடவை போக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. வேலையில்லாத நேரமெல்லாம் மூக்கு வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். துருவைச் சுரண்டினார், நசுங்கின தகரத்தைத் தட்டி எடுத்தார், எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பித் துடைத்தார். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். அங்கே பிள்ளைகளைத் தூங்கவைத்து, எழுப்பி, அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இந்தப் பெரிய பிள்ளை புழுதியில் மல்லாந்து கிடக்கும். அதட்டித்தான் சோற்றுக்குக் கூப்பிட வேண்டும்.

மூக்குக்கு மட்டும் பச்சைப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் முதுகுவலி வந்தது. லோடு ஏற்றி இறக்கின வலி என்று நினைத்தோம். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால், எங்கேயோ கிளம்பின கட்டி முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். எலும்பெல்லாம் அரித்துப்போயிருக்கிறது, பார்த்துக் கொண்டு போங்கள், அலுங்கக் கூடாது என்றார்கள். மாதா மாதம் வந்து மருந்து ஏற்றிக்கொண்டால் நாள் தள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

அலுங்கக் கூடாதாம்! எங்கள் ஊரிலிருந்து திருச்சுழி வரை உள்ள ரோட்டை அந்த டாக்டர் கண்ணால் பார்த்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார். வேன் பிடித்துப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறினார். ஒரு சாக்குக் கரி காலில் விழுந்தபோதுகூட "ச்சே" என்று உதறிவிட்டுப் போன மனுசன் அவர். அவர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததை என்னால் கேட்க முடியவில்லை. ஓட்டுகிறவனை நான் ஏசினேன். அவன் பாவம் ஊர்ந்துதான் போனான். ஊர்ந்தால் பள்ளம் இன்னும் நிதானமாகக் குத்தியது.

ஒரு தடவை திரும்பி வரும்போது அந்த வேனும் மதுரையைத் தாண்டியதும் படுத்துவிட்டது. வெயிலில் ரோட்டோரம் அவரைத் துண்டு விரித்துப் படுக்கப் போட்டுக்கொண்டு நின்றேன். தூத்துக்குடி போகிற ஆம்னி பஸ் ஒன்று இரக்கப்பட்டு நின்றது. கீழ்ப் படுக்கையில் போட்டார்கள். அருப்புக்கோட்டை வரும் வரை அவர் முனகக்கூட இல்லை. செத்துகித்துப் போய்விட்டாரா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து கிளீனரைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல என்ன பட்டை போட்டுருக்கீக?" என்று கேட்டார். பட்டை என்றால் வண்டியைத் தாங்குவதற்கு அடியில் வில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகள். உயிர் போகிற வலியிலும் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

"பட்டை இல்லண்ணே, பலூனு. காத்துதான் தாங்குது" என்றான் அவன்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஊருக்கு மறுபடியும் வேன், மறுபடியும் அலறல். வீட்டில் இறக்கிப் படுக்கவைத்ததும் சொல்லிவிட்டார்: "இனிமே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். என்னயக் கொல்றதுக்கு அந்த ரோடு போதும், நோவு வேண்டாம்."

"மருந்து ஏறலன்னா என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியும். என் மூக்கு வண்டிக்குப் பலூனு மாட்டு. அதுல வாரேன்."

நடக்காத காரியம் என்று தெரிந்துதான் சொன்னார். நான் வாயை மூட வேண்டும் என்பதற்காகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என்னை யாரென்று நினைத்தார்? மறுநாளே கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பைபாஸில் ஆம்னி பஸ்களுக்குப் பலூன் வேலை பார்க்கிற பட்டறைக்குப் போய் நின்றேன். கொழுந்தன் எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அண்ணன் என்றால் உயிர். அண்ணி என்றால் பயம்.

பட்டறைக்காரனுக்கு வாய் நீளம். "பிளேனுக்கே மாட்டச் சொன்னாலும் மாட்டுவேன் மதினி" என்றான். என் வீட்டுக்காரரைத் தெரிந்தவன்தான், பழைய பழக்கம். மூக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் அவர் கட்டிலில் கிடந்தபடி கொழுந்தனை அருகில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஏலே, பலூனு மாட்டட்டும். ஆனா பட்டையில எவனும் கை வைக்கக் கூடாது. நான் எந்திரிச்சதும் லோடு ஏத்தணும். பட்டை இல்லாட்டி அது லோடு வண்டி இல்ல. கல்யாண வீட்டுக் காரு."

சரியென்று தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். பட்டறைக்காரனுக்கும் அது நியாயமாகவே பட்டது. இந்தப் பக்கத்தில் எவனுக்கு அது தப்பாகப் படும்? லோடு ஏற்றுகிற வண்டிக்குப் பட்டைதான் முதுகெலும்பு. சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து, எத்தனை பட்டை, எத்தனை மூட்டை தாங்கும் என்று பார்க்கிற ஊர் இது. பட்டை அப்படியே இருக்க, அதற்கு மேல் இரண்டு பக்கமும் பூசணிக்காய் அளவில் கறுப்பு ரப்பர் பலூன்களை உட்காரவைத்தான். அடியில் காற்றுக்கு ஒரு டேங்கு, எஞ்சினோடு ஒரு கம்ப்ரசர், அங்கிட்டும் இங்கிட்டும் குழாய். அவர் பாதியில் விட்ட எஞ்சினைப் பூட்டி, பெயின்டையும் அடித்து முடிக்கச் சொன்னேன். அரைப்பச்சையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருக்கு மானம் போய்விடும்.

வேலை முடிந்தது என்று போன் வந்த அன்று, வீட்டிலிருந்து தென்னை நார் மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரன் சாவியைப் போட்டான். உஸ்ஸென்று காற்று ஏறியது. வண்டி பின்பக்கம் மெல்ல எழுந்து நின்றது. பார்க்க எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"எப்படி?" என்றான்.

"நிக்கிறது இருக்கட்டும். ஓட்டு" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் மெத்தையை விரித்து மல்லாந்து படுத்தேன்.

"ஆத்தாடி, என்ன மதினி இது? முன்னாடி வந்து உக்காருங்க."

"அவுக முன்னாடியா உக்காரப் போறாக? ஓட்டுடா."

திருச்சுழி ரோட்டில் விட்டான். பைபாஸைத் தாண்டினதும் முதல் பள்ளத்தில் நான் மெத்தையை விட்டு எழும்பி விழுந்தேன். அடுத்த பாலத்தில் பின்மண்டை பலகையில் இடித்தது. வேனே தேவலை. வேன் குத்தியது, இது உதைத்தது. நல்ல எலும்பு உள்ள எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டிப் பலகையைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். இறங்கி நடுரோட்டில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அதையெல்லாம் எழுத முடியாது. ரோட்டில் போன டவுன் பஸ்ஸு நின்று கேட்டுவிட்டுப் போனது.

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். நெடுநேரம் கழித்து வெளியே வந்து தலையைச் சொறிந்தான்.

"மதினி, தப்பு என் மேலதான். பலூனு வேலை செய்யணும்னா பட்டை விட்டுக் குடுக்கணும். பட்டை அசைஞ்சாத்தான் பலூனும் அசையும். இது ஒரு டன்னுக்குப் போட்ட பட்டை. லோடு ஏறுனா மெத்தை மாதிரி இருக்கும். வெறும் வண்டில உதைக்கத்தான் செய்யும். அதுக்கு மேல பலூனையும் மாட்டி இன்னும் வெரைப்பாக்கிட்டேன்."

"அவுக படுத்தா லோடுதானே?"

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணன் இப்ப என்ன எடை இருப்பாக மதினி?"

நான்தானே தினமும் அவரைத் தூக்கித் திருப்பிப் போடுகிறவள். எனக்குத் தெரியும்.

"பட்டைய முழுசா எடுத்துறணும். பட்டைதான் அச்சைப் பிடிச்சு வச்சுருக்கு. அதை எடுத்துட்டா ராடு போட்டு அச்சைப் பிடிக்கணும். அப்புறம் பலூனை இளக்கமா வச்சா ஆம்னி பஸ் தோத்துப்போகும். ஆனா அண்ணன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அவுக வண்டி. நான் கை வைக்க மாட்டேன்."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சின்ன விஷயம். வண்டியில் ஒரு சாமானைக் கழற்றி இன்னொரு சாமானை மாட்டுவது. ஆனால் அதைக் கேட்பதும், "நீங்க எந்திரிக்க மாட்டீக" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும். கேட்காமலே எடுத்துவிடச் சொல்லலாம் என்றால் அந்த எடுபட்ட பயல் நியாயம் பேசுகிறான்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "என்ன புள்ள, ஓடுதா?"

"ஓடுது."

"உதைக்குதாக்கும்?"

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். லோடு வண்டி ஓட்டினவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"வெறும் வண்டி உதைக்கத்தான் செய்யும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மணல் மூடை நாலு போட்டா அடங்கிரும்" என்றார். பிறகு அவரே, "என்னயும் வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போடுறது" என்றார்.

"பட்டைய எடுக்கணுமாங்க."

சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்துச் சொன்னேன்.

"மூணு பட்டைய மட்டும் உருவிட்டு மிச்சத்தை விடச் சொல்லு" என்றார். லோடு கூலிக்குப் பேரம் பேசுகிற அதே குரல். "போன் போடு அவனுக்கு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அவர் வாய்ப்பக்கம் பிடித்தேன். மூன்று பட்டை எடுத்தாலும் உதைக்கும் என்றான் அவன். நாலு எடுத்தால் என்றார். நாலு எடுத்தாலும்தான் என்றான்.

"சரிப்பா. ராடு போட்டுட்டா எத்தன மூடை தாங்கும்?"

"மூடை எதுக்குண்ணே இனிமே?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பட்டறையின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடித்து என்ன செய்ய? நான் சொல்லப் பயந்ததை அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிப்பா, எடுத்துரு" என்றார். "பட்டைய எடைக்குப் போட்டுராத. வீட்டுக்கு அனுப்பி விடு."

எங்கள் பக்கத்து லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டறைக்குப் போன வண்டி வெறும் தொட்டியோடு வீட்டுக்கு வரக் கூடாது. என்னமாவது ஒன்றை ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கொழுந்தன் ஒரு மூட்டை உப்பு ஏற்றிக்கொண்டு வந்தான். உப்புக்குப் பக்கத்தில் கழற்றின பட்டைகள் கிடந்தன. சாதாரணமாக லோடு வண்டி எது வந்தாலும் தெருமுனையிலேயே பட்டை கிறீச்சிடும். அன்றைக்கு மூக்கு வண்டி சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது. அவர் கட்டிலில் கிடந்தபடி, "வந்திருச்சா?" என்று கேட்டார். இதுவரை எந்த வண்டிக்கும் வந்ததா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"என்னலே லோடு?" என்றார் தம்பியிடம்.

"ஒரு மூடை உப்புண்ணே."

"ஒரு மூடையா! அடேயப்பா. எறக்குறதுக்கு எத்தன லோடுமேனு கூப்பிடணும்?" என்று சிரித்தார். சிரித்தது முதுகில் பிடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

பட்டைகளை அவர் படுத்த இடத்திலிருந்து தெரிகிற மாதிரி வாசலில் அடுக்கச் சொன்னார். துருப்பிடிக்காமல் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவச் சொன்னார். தடவினேன். நான் விளக்கு துடைப்பதற்குக்கூட அத்தனை சிரத்தை எடுத்ததில்லை. பலூனில் எங்கோ மெல்லக் காற்று கசிந்தது. காலையில் பார்த்தால் வண்டியின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கும். எஞ்சினைப் போட்டுக் காற்று ஏற்றினால் உஸ்ஸென்று எழும்.

"அதுவாவது காத்தடிச்சா எந்திரிக்குது பாரு" என்றார் அவர். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதுரைக்குக் கிளம்பின காலையில் தொட்டிக்கு மேல் படுதா கட்டி, மெத்தை போட்டு, அவரைச் சேலையில் கிடத்தி நாலு பேர் தூக்கி வைத்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். "ஏலே, கிளட்சை மெதுவா விடுலே" என்று தம்பிக்குச் சத்தம் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

அந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. படுதாவுக்குள் வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப அந்தக் கண்மாய் மடை வரும்" என்று பல்லைக் கடித்து என் கையை இறுக்கிப் பிடிப்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒன்றும் நடக்காது. தொட்டில் மாதிரி ஒரு தடவை இறங்கி ஏறும். அவ்வளவுதான். "இப்ப உடைஞ்ச பாலம்" என்பார். மறுபடியும் கையை இறுக்குவார். மறுபடியும் ஒன்றும் வராது. திருச்சுழி தாண்டினதும் சொல்வதை நிறுத்திவிட்டார். அருப்புக்கோட்டைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு தூங்கினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாதா மாதம் இப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், இந்த ரோடும் நோவும் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

மதுரையில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுசர், மெதுவாகத்தான் சொன்னார்.

"இனிமே இவ்வளவு தூரம் அவரை அலைய விட வேண்டாம்மா. மருந்து ஏத்தியும் பிரயோசனம் இல்ல. வலிக்கு மாத்திரை தாரேன். வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க."

"அலையுறது கஷ்டமில்லைங்க சார். வண்டிக்குப் பலூனு மாட்டியிருக்கோம்" என்றேன்.

என்ன பேச்சு பாருங்கள். அவர் என்ன சொல்கிறார், நான் என்ன சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். அலுங்காமல் கூட்டிக்கொண்டு வரத்தானே இத்தனை பாடும் பட்டேன். வழியைச் சரி செய்துவிட்டு வந்தால் போகிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது கொழுந்தனிடம்கூட நான் சொல்லவில்லை. வண்டி காரியாபட்டியைத் தாண்டும் வரை அவர் முழித்துக்கொண்டுதான் கிடந்தார். பிறகு கேட்டார்.

"அடுத்தது எப்ப வரச் சொன்னாக?"

"போன்ல சொல்றாகளாம்."

"ம்" என்றார்.

அருப்புக்கோட்டை வந்தது, போனது. பட்டறையின் முன்னால் கொழுந்தன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். திருச்சுழி ரோட்டில் வண்டி இறங்கினது ஓட்டத்தில் தெரியவில்லை, படுதா இடுக்கில் வந்த புழுதியில்தான் தெரிந்தது.

"ஏ புள்ள."

"என்னங்க?"

"வாசல்ல கெடக்குற பட்டைய எடைக்குப் போட்டுரு."

"கெடந்துட்டுப் போகுது. என்ன, சோறா கேக்குது?"

"வேண்டாம். யாரு காலையாவது கிழிச்சிரும். நாளைக்கே போட்டுரு."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல? உடைந்த பாலம் வந்திருக்க வேண்டும், வண்டி ஒரு தடவை இறங்கி ஏறியது. என் கைக்குள் இருந்த அவர் கை இறுக்கவில்லை.